திரைக்கதையில் பழுது எங்கே? படம் பார்த்தே கண்டறிந்து சரிசெய்யும் வழி

திரைக்கதை எழுத வேண்டும் என்ற ஆசையோடு இருக்கும் இளைஞர்கள் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் நிறையவே இருக்கிறார்கள். எப்படிக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், நிறையப் படம் பார்க்கிறேன் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அது நல்ல வழிதான். பணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வேறில்லை. ஆனால் எல்லாப் படத்தையும் ஒரே விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், எழுத்தில் இருக்கும் குறை எத்தனை படம் பார்த்தாலும் அப்படியேதான் நிற்கும். எந்தக் குறையைப் போக்க வேண்டுமோ, அதற்கேற்றபடி பார்க்கும் முறையை மாற்ற வேண்டும். அதனால்தான் இங்கே குறைகளை அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் பிரதியில் எது தென்படுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், ஏனெனில் அதில் சொல்லும் குறிப்பேடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கருவி.

அறிகுறி: நிறையப் பார்த்தும், எழுத உட்கார்ந்தால் கைக்கு எதுவும் வருவதில்லை

முதலில் ஒரு சோதனை. சென்ற வாரம் பார்த்த படத்தின் காட்சிகளை, முதலிலிருந்து கடைசி வரை, காட்சிக்கு ஒரு வரி வீதம் நினைவிலிருந்தே எழுதிப் பாருங்கள். சண்டைகளும் பாடல்களும் இடைவேளைத் திருப்பமும் நாலைந்து பஞ்ச் வசனங்களும் வந்து, நடுவில் உள்ளவை எல்லாம் காணாமல் போயிருந்தால், நீங்கள் ரசிகராக மட்டுமே பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள். அது தவறில்லை, ஆனால் திரைக்கதையின் வேலை பெரும்பாலும் நினைவில் நிற்காத அந்த நடுக்காட்சிகளில்தான் நடக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரே படத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை கைப்பேசியை அணைத்துவிட்டு, நிறுத்தாமல், படத்துக்கு உங்களை முழுவதும் ஒப்புக்கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டுக்கொண்டு ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி எழுதுங்கள்: காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, எங்கே நடக்கிறது, உள்ளே வருபவருக்கு என்ன வேண்டும், வெளியே போகும்போது எது மாறியிருக்கிறது. சினிமா அலுவலகங்களில் ஒன்லைன் ஆர்டர் என்று சொல்லும் அதே வடிவம்தான். அங்கே எடுக்கப்போகும் படத்துக்கு எழுதுவதை, நீங்கள் எடுத்து முடித்த படத்திலிருந்து திரும்பப் பெறுகிறீர்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி எது என்பதைக் கீழே உள்ள அறிகுறிகள் சொல்லும்.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு இப்படிக் குறிப்பெடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போகட்டும். யூடியூபில் கிடைக்கும் பத்து நிமிடக் கதைச் சுருக்கங்கள் இதற்கு ஈடாகமாட்டா. அவை கதையைச் சொல்கின்றனவே தவிர, கதை எந்த வரிசையில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. வரிசைதான் திரைக்கதை.

அறிகுறி: பத்தாம் பக்கத்திலேயே வாசிப்பவர் பிரதியை மூடிவிடுகிறார்

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கை எடுத்துக்கொண்டால், உங்கள் முதல் பத்துப் பக்கம் படத்தின் முதல் பத்து நிமிடம். அங்கே கதாநாயகனின் குரல் தன் ஏரியாவையும் நண்பர்களையும் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டிருந்தால், பழுது அதுவே. பிடித்த ஐந்து படங்களின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு நிமிடத்தின் முடிவிலும் உங்கள் மனத்தில் எழுந்து நிற்கும் கேள்வியைக் குறித்து வாருங்கள். 2018இல் வந்த ‘வட சென்னை’, ஒரு கொலையைச் செய்து முடித்த நால்வர் பேசிக்கொண்டிருப்பதில் தொடங்குகிறது. கொல்லப்பட்டவரின் வாழ்வையும் அந்தக் கொலையையும் படம் வெகுநேரம் கழித்தே காட்டுகிறது. அறிமுகம் என்று எதுவும் இல்லை, ஆனாலும் அந்த நால்வரின் உறவும் அவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வும் தெரிந்துவிடுகின்றன. உங்கள் பிரதியில் முதல் காட்சியை எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

அறிகுறி: நாயகனுக்கு ஆசை இருக்கிறது, ஆனாலும் கதை நகரவில்லை

தடைகள் எண்ணிக்கையில் நிறைய இருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்காமல் இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். முதல் தடையையும் ஐந்தாம் தடையையும் இடம் மாற்றினாலும் உங்கள் கதை கெடாது என்றால் நோய் உறுதி.

இதற்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’. தண்டவாளத்தில் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களுக்கு பீட்சா சாப்பிட வேண்டும், ஆசை அவ்வளவுதான். பீட்சாவுக்குப் பணம் வேண்டும், பொறுக்கும் கரியில் வரும் காசு போதாது. பழரசம் என்ற ரயில்வே ஊழியரின் உதவியால் கரி நிறையக் கிடைக்கும் இடம் தெரிகிறது, பணம் சேர்கிறது. பணத்தோடு போனால் காவலாளி உள்ளே விடவில்லை, காரணம் அவர்கள் உடுத்தியிருக்கும் துணி. ஆகவே இப்போது பணப் பிரச்சினை துணிப் பிரச்சினையாக மாறுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பானிபூரி ஆசையைத் தீர்த்து, அதற்கு மாற்றாகப் புதுத்துணியும் கிடைக்கிறது. நல்ல துணியோடு போனால் அடி விழுகிறது. இப்போது பிரச்சினை துணியும் இல்லை, பணமும் இல்லை. அவர்கள் யார் என்பதே பிரச்சினை. அந்த அடி கைப்பேசியில் பதிவாகி வெளியே வரும்போது கதை அந்தச் சிறுவர்களின் கையைவிட்டே போய்விடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தடையும் அதற்கு முந்தைய வெற்றியின் விளைவு என்பது. பணம் சேராதிருந்தால் காவலாளியைச் சந்தித்திருக்கவே மாட்டார்கள். துணி கிடைக்காதிருந்தால் அடி விழுந்திருக்காது. தடையின் தன்மையும் வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு படத்தின் குறிப்பேட்டில், ஒவ்வொரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ‘ஆகவே’ அல்லது ‘ஆனால்’ என்று எழுத முடிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் பிரதியில் அதையே செய்யுங்கள். ‘பிறகு’ என்ற சொல்லை மட்டுமே எழுத முடிகிற இடங்களில்தான் கதை நின்றுபோயிருக்கிறது.

அறிகுறி: பாத்திரங்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் வாயால் சொல்லிவிடுகிறார்கள்

இது எல்லோருக்கும் வரும் குறை. தொலைக்காட்சித் தொடர்களைக் கேட்டே வளர்ந்த காதுகளுக்கு இன்னும் கூடுதலாக வரும். தொடர் எழுதுபவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்பவருக்கும் கதை புரிய வேண்டும் என்பதால், அங்கே வசனம் எல்லாவற்றையும் சுமக்கத்தான் வேண்டும். திரைப்படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சோதனை எளிது. நன்கு தெரிந்த ஒரு படத்தில் பத்து நிமிடத்தைச் சத்தம் இல்லாமல் பாருங்கள். யாருக்கு யார்மேல் கோபம், யார் எதை மறைக்கிறார்கள் என்பது எவ்வளவு தெரிகிறது என்று எழுதுங்கள். பிறகு அதே பத்து நிமிடத்தைத் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, வசனங்களை ஒன்றுவிடாமல் கையால் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நல்ல காட்சிகளில் வசனம் ஒரு திசையிலும் முகமும் கையும் வேறொரு திசையிலும் போவது தெரியவரும்.

ஓர் எடுத்துக்காட்டை இங்கேயே பார்ப்போம். காசிமேட்டில் ஒரு வீடு. அம்மாவின் சங்கிலியை மகன் அவருக்குத் தெரியாமல் அடகு வைத்துவிட்டான். முதல் வரைவில் இப்படித்தான் எழுத வரும்:

“அம்மா, என்ன மன்னிச்சிடுமா. உன் செயின எடுத்து அடகு வச்சிட்டேன். எனக்கு வேற வழி தெரியல.”
“உன்ன நம்பி இருந்தேனேடா. இப்பிடி ஏமாத்திட்டியே.”

இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் நடிகருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இனி அதே காட்சியை, சொல்லக்கூடாததைச் சொல்லாமல் எழுதுவோம். சங்கிலியை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் வழக்கம் முன்பே ஒரு காட்சியில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உலை கொதிக்கிறது. அம்மா பானைக்குள் கையை விடுகிறார். கை இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரு கணம் நிற்கிறது. பிறகு வழக்கமான அளவு அரிசியை அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. மகன் கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான்.

“துன்னுட்டுப் போ.”
“பசிக்கல மா.”
“சீட்ட எங்க வச்சிக்கிற? பத்திரமா வை. வட்டி கட்ற தேதிய மறந்துடப் போற.”

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அவர் சண்டை போடப் போவதில்லை என்பதும், அதுவே அவனுக்குப் பெரிய தண்டனை என்பதும் ஒரே வசனத்தில் வந்துவிடுகின்றன. இந்த வசனம் வேலை செய்வதற்குக் காரணம் பானை. பானை முன்பே அறிமுகமாகியிருக்கிறது. ஆகவே அடுத்த முறை ஒரு படத்தில் குறைந்த வசனத்தில் மனத்தைத் தொடும் காட்சி வந்தால், அங்கேயே நின்றுவிடாமல், அந்தக் காட்சியில் பயன்பட்ட பொருளோ பழக்கமோ எந்தக் காட்சியில் முதலில் வந்தது என்று பின்னோக்கித் தேடுங்கள்.

அறிகுறி: வடசென்னைக் கதை எழுதினால் கத்தி, கானா, கேரம் போர்டு என்றே வருகிறது

நம் பகுதியிலிருந்து வரும் பிரதிகளில் நான் மிகவும் வருந்தும் குறை இதுதான். பிறந்து வளர்ந்த தெருவை எழுத உட்கார்ந்தவர், அந்தத் தெருவைத் தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, திரையில் பார்த்ததை எழுதிவிடுகிறார். நம் பகுதியைப் பற்றி நல்ல படங்கள் வந்திருப்பதே இதற்கு ஒரு காரணம். ஒரு படத்தில் கேரம் நன்றாகப் பொருந்தியது என்பதால் அடுத்த பத்துப் பிரதிகளிலும் கேரம் வருகிறது.

இங்கே படத்திலிருந்து எடுக்க வேண்டியது பொருளை அல்ல, அந்தப் பொருள் கதையில் செய்யும் வேலையை. 2014இல் வெளியான ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வியாசர்பாடியில் நடக்கிறது. ஒரு சுவர்தான் அந்தக் கதையின் நடுநாயகம். அந்தச் சுவரில் யாருடைய படம் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு அரசியல் தரப்புகள் மோதுகின்றன. குடியிருப்பில் வாழ்பவர்களுக்கு அது அவர்களுடைய சுவர். அப்படியானால் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் சுவர் எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கும்போது யார் என்ன நினைக்கிறார், கடைசியில் சுவருக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மூன்றாம் முறை பாருங்கள். அதற்குப் பிறகு உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: என் தெருவில் இரண்டு பேர் உரிமை கொண்டாடும் பொருள் எது?

விடை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு வெளியே, நடைபாதையில் யார் எங்கே கடை போடுவது என்பதே ஒரு கதை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் நிற்கும் மனிதர்களில் யாருக்கு அவசரம், யாருக்கு அந்தத் தாமதமே வசதி என்பது இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. விசைப்படகில் கூலிக்குப் போகும் அண்ணனுக்கு அந்த நாள்களில் வருமானம் நின்றுவிடுகிறது. சிறிய படகு வைத்திருக்கும் தம்பி பிடித்து வரும் மீனுக்கு அதே நாள்களில் நல்ல விலை கிடைக்கிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கால வரையறை, ஏற்றத்தாழ்வு, மானம், உறவு எல்லாம் அரசாணையிலேயே இருக்கின்றன. ஒரு கத்தியும் தேவைப்படவில்லை. படத்துக்கான குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இருந்து தெருவுக்கான குறிப்பை எழுதத் தொடங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பேச்சுமொழியும் இதோடு சேர்ந்ததே. எல்லாப் பாத்திரங்களும் ‘இன்னா நைனா’ என்றே பேசினால் ஒருவரும் பேசவில்லை என்றாகிவிடும். மீன் விற்கும் பாட்டியும், கல்லூரிக்குப் போகும் அவருடைய பேத்தியும், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவும் ஒரே வீட்டில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணே தோழியோடு ஒரு விதமாகவும் பாட்டியோடு வேறு விதமாகவும் பேசுகிறாள். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரர் திரையில் இருக்கும் நேரம் குறைவு; ஆனால் ஆடியபடியே சண்டையிடும் அந்தக் கால்கள் அவரை மறக்க விடுவதில்லை. ஒரு துணைப் பாத்திரத்தை வட்டார வழக்கைக் கொண்டு அல்லாமல் அவர் தொழில் செய்யும் விதத்தைக் கொண்டே எப்படி நிறுத்தலாம் என்பதற்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அறிகுறி: முன்கதை வந்ததும் படம் படுத்துவிடுகிறது

முன்கதையின் நீளத்தைக் குறைப்பது பெரும்பாலும் இதற்கு மருந்தாகாது. பார்ப்பவர் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறீர்களா என்பதைப் பார்க்க வேண்டும். 1954இல் வந்த ‘அந்த நாள்’ முழுக்க முழுக்க முன்கதைகளாலேயே ஆனது, பாடல் ஒன்றுகூடக் கிடையாது, ஆயினும் தளர்வதில்லை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து நாயகன் இறந்துவிடுவதால், அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் சொல்லும் கடந்த காலம், கொன்றது யார் என்ற நிகழ்காலக் கேள்விக்கே பதிலாக வருகிறது. உங்கள் முன்கதைக்கு முந்தைய காட்சியைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். அங்கே வாசிப்பவர் ‘ஏன்?’ என்று கேட்பார் என்றால் முன்கதை சரியான இடத்தில் இருக்கிறது. கேட்கமாட்டார் என்றால் அதைப் பின்னால் தள்ளுங்கள்.

அறிகுறி: இடைவேளைக்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை

மேல்நாட்டுத் திரைக்கதை நூல்கள் சொல்லும் தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று பகுதிக் கணக்கை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். நம் பார்வையாளர் எழுந்து வெளியே போய், டீ குடித்துவிட்டு, படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பி வருகிறார். ஆகவே இடைவேளையில் அதிர்ச்சி இருந்தால் மட்டும் போதாது. பேசுவதற்கு ஒரு கேள்வி வேண்டும். ஐந்து தமிழ்ப் படங்களின் இடைவேளைக்கு முந்தைய காட்சியையும் பிந்தைய மூன்று காட்சிகளையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். முற்பாதியின் கேள்வியே பிற்பாதியிலும் நீள்கிறதா, வேறொன்றாக மாறுகிறதா என்று எழுதுங்கள்.

‘சார்பட்டா பரம்பரை’ நேராக இணையத்தில் வெளியான படம் என்றாலும் இதற்கு உதவும். கபிலனுக்கும் வேம்புலிக்கும் நடக்கும் குத்துச்சண்டை மோதல் முடிவு தெரியாமலேயே கலைக்கப்படுகிறது; 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதோடு அது இணைத்துச் சொல்லப்படுகிறது. கபிலனின் பயிற்சியாளரும் தி.மு.க.காரருமான ரங்கன் வாத்தியார் சிறைக்குப் போகிறார். அதுவரை ‘இவன் ஜெயிப்பானா’ என்று இருந்த கேள்வி, அதற்குப் பிறகு ‘இவன் மனிதனாக மிஞ்சுவானா’ என்று மாறிவிடுகிறது. உங்கள் பிற்பாதியில் கேள்வி மாறாமல், வில்லனின் ஆட்கள் மட்டும் அதிகமாகிறார்கள் என்றால், குறை பிற்பாதியில் இல்லை. முற்பாதி தன் கேள்வியை முழுவதும் செலவழித்துவிட்டது.

அறிகுறி: வலைத்தொடர் என்று எழுதியது, நீண்ட படத்தை எட்டாக வெட்டியது போல இருக்கிறது

எட்டு அத்தியாயங்கள் கொண்ட ‘சுழல்’ போன்ற ஒரு துப்பறியும் தொடரை எடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்குள்ளும் முடிந்துபோகும் ஒரு சிறு விஷயமும், முடியாமல் அடுத்ததற்குப் போகும் ஒரு பெரிய விஷயமும் இருக்கும். சந்தேகம் யார் மேல் இருக்கிறது என்பதும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நகரும். உங்கள் தொடரில் முடிந்துபோகும் சிறு விஷயத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால், அத்தியாயத்துக்கென்று தனிக் கதை இன்னும் எழுதப்படவில்லை.

அறிகுறி: குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன, பிரதி தொடங்கவே இல்லை

ஆராய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அது எழுதுவதைத் தள்ளிப்போடவும் வழி கொடுக்கிறது. ஒரு படத்தின் குறிப்பை முடித்தவுடன், அடுத்த படத்தைத் தொடுவதற்கு முன், அதில் கற்ற ஒன்றை வைத்து மூன்று பக்கத்தில் ஒரு காட்சி எழுதிவிட வேண்டும் என்று கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். எழுதியதை நண்பர்கள் இருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் பேசாமல் கேளுங்கள். படிப்பவர் தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். முழுப் பிரதியின் முதல் வரைவை எழுதும் வாரங்களில் அதே வகைப் படங்களைப் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் நேற்றுப் பார்த்த காட்சி இன்று உங்கள் கையெழுத்தில் வந்துவிடும். வரைவு முடிந்து திருத்தியும் ஆன பிறகு, பிறரிடம் கதை சொல்லப் போகும் முன், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்வதற்கான விதிமுறைகளை விசாரித்துக்கொள்ளுங்கள். பிரதியின் ஒவ்வொரு வரைவிலும் தேதியிட்டு ஒரு படியை உங்களிடமே வைத்திருங்கள்.